மன்னார்குடி வீடு குழு: ஹாரிஸ், டிரம்ப் விவாதம் பார்த்த காலை

செப்டம்பர் 11, 2024, புதன்

பெரியப்பா, 6:18
எல்லோருக்கும் காலை வணக்கம். ஆறரைக்கு ஃபிலடெல்பியாவில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கமலா ஹாரிஸ், டிரம்ப் விவாதம் ஆரம்பம். யார் ஜெயித்தார் என்று டிவியில் சொல்லிவிடுவார்கள். யார் எப்படி நடந்துகொண்டார் என்று நாம் பார்ப்போம்.

அத்தை, 6:20
அண்ணா, துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள். கோயில் கல்லில் நன்கொடை கொடுத்தவர்கள் வரிசையில் கமலா பேர் இருக்கிறது. நம்ம ஊர்ப் பேத்தி, நல்லபடியாகப் பேச வேண்டும்.

பெரியப்பா, 6:22
தாத்தா கோபாலன் ஊர் என்பதற்காக மார்க் போடக் கூடாதம்மா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, அடுத்தவர் பேசும்போது பொறுமையாகக் கேட்கிறாரா, சொல்வது உண்மையா. மார்க் இதற்குத்தான்.

அக்கா, 6:24
பெரியப்பா, இங்கே அமெரிக்காவில் இரவு ஒன்பது ஆகப்போகிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நானும் அவரும் உட்கார்ந்துவிட்டோம். அரங்கில் பார்வையாளர் கிடையாது. குறிப்பு எடுத்து வரக் கூடாது. ஆளுக்கு ஒரு பேனா, எழுத வெள்ளைத்தாள், ஒரு தண்ணீர் பாட்டில். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும்.

தங்கை, 6:25
மைக்கை ஏன் அணைக்க வேண்டும் அக்கா?

அக்கா, 6:27
2020 செப்டம்பரில் கிளீவ்லாண்டில் டிரம்ப் பைடனைப் பேசவே விடவில்லை. கடைசியில் பைடனும் பொறுக்க முடியாமல் வாயை மூடச் சொல்லிவிட்டார். யார் என்ன சொன்னார் என்றே காதில் விழவில்லை. அதற்கு அடுத்த நாஷ்வில் விவாதத்திலிருந்து மைக்கை அணைக்க ஆரம்பித்தார்கள்.

தங்கை, 6:32
பார்த்தீர்களா! ஹாரிஸே டிரம்ப் இருக்கும் இடத்துக்கு நடந்து போய், பேரைச் சொல்லிக் கை கொடுத்தார்!

பெரியப்பா, 6:33
நல்ல ஆரம்பம். டிரம்பும் கையை நீட்டினார், அதையும் சொல்ல வேண்டும். 2016க்குப் பிறகு அதிபர் விவாத மேடையில் கை குலுக்கல் இதுதான். ஜூனில் அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் கை குலுக்கவே இல்லை.

அத்தான், 6:37
மாமா, முதல் கேள்வியைக் கவனித்தீர்களா? நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட மக்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா என்று விவாதத்தை நடத்தும் டேவிட் மியூர் கேட்டார். நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தேன் என்று தொடங்கி, தன் திட்டங்களைச் சொல்லி முடித்துவிட்டார் ஹாரிஸ். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இங்கே மளிகைக்கும் வாடகைக்கும் கொடுப்பது எங்களுக்குத்தானே தெரியும்?

பெரியப்பா, 6:39
நியாயமான புகார் மாப்பிள்ளை. பதில் வரவில்லை.

அத்தை, 6:52
டிரம்ப் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே. பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பேசுவது?

அத்தான், 6:54
அத்தை, அவர் பேசும்போது ஹாரிஸ் தாடையில் கை வைத்துச் சிரிப்பதும் தலையை ஆட்டுவதும் மட்டும் மரியாதையா? மைக் அணைந்திருக்கிறது, முகம் அணையவில்லை.

பெரியப்பா, 6:57
2000த்தில் பாஸ்டன் விவாதத்தில் புஷ் பேசும்போது எதிர் வேட்பாளர் ஆல் கோர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன கணக்கெல்லாம் மறந்து, ஜனங்களுக்குப் பெருமூச்சுதான் ஞாபகம் இருந்தது. 1992ல் அப்பா புஷ் விவாதத்தின் நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் அப்படித்தான். ஹாரிஸ் முகத்தைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கிறார் என்று தெரிகிறது. டிரம்ப் நேராகக் கேமராவைப் பார்த்தே நிற்கிறார்.

நான், 7:04
டிரம்ப் கூட்டத்திலிருந்து ஜனங்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று ஹாரிஸ் சொன்னாரே, அது வேண்டுமென்றே சீண்டியதுதான். கேள்வி எல்லைப் பிரச்சினை பற்றி. அதில் டிரம்புக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அதை விட்டுவிட்டுத் தன் கூட்டத்தின் அளவைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

அக்கா, 7:08
அதற்கு அப்புறம் சொன்னதைக் கேட்டீர்களா? ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊருக்கு வந்தவர்கள் அங்கே வளர்க்கிற நாய், பூனைகளைத் தின்கிறார்களாம். அந்த ஊர் நிர்வாகியிடம் விசாரித்தோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றார் என மியூர் அங்கேயே சொன்னார். டிவியில் ஆள் சொன்னதைப் பார்த்தேன் என்று டிரம்ப் விடாமல் சொல்கிறார். ஹைட்டியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள்? எனக்குக் கை நடுங்குகிறது.

அத்தை, 7:10
கண்ணு, தண்ணீர் குடி. இது பெரிய மனிதர் பேசுகிற பேச்சு இல்லை.

அத்தான், 7:13
அது தப்பு, நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நடத்துபவர்கள் டிரம்பை மட்டும்தான் திருத்துகிறார்கள்.

பெரியப்பா, 7:16
கருக்கலைப்பு பற்றிப் பேசும்போது, பிறந்த குழந்தையைக்கூடக் கொல்கிறார்கள் என்றார் டிரம்ப். குழந்தை பிறந்த பிறகு கொல்வதற்கு எந்த மாநிலத்திலும் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று மியூரோடு விவாதத்தை நடத்தும் லின்சி டேவிஸ் சொன்னது அவசியம்தானே மாப்பிள்ளை? அவ்வளவு பெரிய பொய்யைச் சும்மா விட முடியாது. ஹாரிஸ் பக்கம் வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அத்தான், 8:01
அப்படியானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா. போர் நடக்கும் எந்த இடத்திலும் அமெரிக்க வீரர் ஒருவர்கூட இல்லை என்றார் ஹாரிஸ். ஈராக்கிலும் சிரியாவிலும் இருப்பவர்கள் யார்? மியூர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பா, 8:03
சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

தங்கை, 8:19
முடிந்துவிட்டது. பெரியப்பா, மார்க்?

பெரியப்பா, 8:31
பொறுமையில் ஹாரிஸ் மேல். பதிலில் இரண்டு பேருமே குறைவு. ஒன்பது வருஷமாகப் பேசிவரும் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் இருக்கிறதா என்றால், யோசனைகள் இருக்கின்றன என்கிறார் டிரம்ப். உண்மை பேசுவதில் அவர் ரொம்பவே கீழே. சீண்டியது ஹாரிஸுக்குக் குறைதான். ஆனால் ஏழைகள் மேல் இல்லாத பழியைப் போடுவதும் அதுவும் ஒன்றாகாது.

தங்கை, 8:34
நம் நாட்டில் ஏன் இப்படி இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்பதில்லை?

பெரியப்பா, 8:38
போன மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுலையும் பொது விவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் சரி என்றார். விவாதம் நடக்கவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

அக்டோபர் 2, 2024, புதன்

நான், 6:26
காந்தி ஜெயந்தி லீவு. நியூயார்க்கில் துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதம், டிரம்ப் பக்கம் வான்ஸும் ஹாரிஸ் பக்கம் வால்ஸும். யார் யார் பார்க்கிறீர்கள்?

அக்கா, 6:28
நாங்கள் இருக்கிறோம். அன்றைக்கு நான் பயந்த மாதிரியே ஆயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டில் வெடிகுண்டு மிரட்டல் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். எல்லாம் பொய் மிரட்டல், ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

அத்தை, 6:58
இவர்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசுகிறார்களே. "நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்" என்றுகூடச் சொல்கிறார்கள்.

தங்கை, 7:31
வால்ஸின் 17 வயது மகன் துப்பாக்கிச் சூட்டை நேரில் பார்த்திருக்கிறான். வான்ஸ் தன் வாதத்தை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரியாது, வருந்துகிறேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியப்பா, 7:33
இந்த மேடையில் இப்படி ஒரு நிமிஷம் பார்த்து ரொம்ப நாளாயிற்று. வான்ஸுக்கு முழு மார்க்.

அத்தான், 7:36
1989ல் சீனாவில் மாணவர் போராட்டத்தை நசுக்கிய தியானன்மென் சம்பவத்தின்போது ஹாங்காங்கில் இருந்தேன் என்று சொன்னது ஏன் என்று கேட்டதற்கு, வால்ஸ் ஊர்க்கதையெல்லாம் சொல்லிச் சுற்றினார். இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார்.

அக்கா, 8:12
இப்போது கேட்டீர்களா? 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றாரா இல்லையா என்று வால்ஸ் நேருக்கு நேர் கேட்டார். எதிர்காலத்தைத்தான் பார்க்கிறேன் என்றார் வான்ஸ்.

பெரியப்பா, 8:14
கொடுத்த மார்க்கைத் திரும்ப வாங்க மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பூஜ்யம். கூச்சல் போட்டுப் பொய் சொன்னவரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். அமைதியாக நழுவினால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போகும். எனக்கு அதுதான் கவலை.

அத்தான், 8:17
மாமா, விலைவாசிக்காகத்தான் நான் டிரம்ப், வான்ஸ் பக்கம் சாய்ந்திருந்தேன். இப்போது பெரியவள் தூக்கம் கலைந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தோற்றாரா அப்பா?" என்று கேட்கிறாள். தோற்றார் என்று சொன்னேன். இதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

பெரியப்பா, 8:18
சரியாகச் சொன்னீர்கள் மாப்பிள்ளை.