வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத் துறை) மேல்முறையீடு: வலது முட்டிக்கு 10%, இடது இடுப்புக்கு ஒன்றும் இல்லை

கேள்வி:
என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்தவர். வலது முட்டித் தேய்மானம் பணியால் வந்தது என்று வி.ஏ. ஏற்று, 10 சதவீத இயலாமை மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் இப்போது இடது இடுப்பும் தேய்ந்துவிட்டது. அதற்குக் கேட்டால், வயதால் வந்தது என்று மறுத்துவிட்டார்கள். காலையில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்துத்தான் இறங்குகிறார். "போனால் போகட்டும், விடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா?

பதில்:
விடாதீர்கள் சகோதரி. நானும் படையில் இருந்தவன்தான். முதலில் சி அண்ட் பி பரிசோதனை (கோரிக்கைக்காக வி.ஏ. செய்யவைக்கும் மருத்துவப் பரிசோதனை) அறிக்கையை வாங்கிப் படியுங்கள். முட்டியால்தான் இடுப்பு கெட்டதா என்பது ஒரு கேள்வி. வேறு காரணத்தால் கெட்டிருந்தாலும், முட்டி அதை இன்னும் மோசமாக்கியதா என்பது வேறு கேள்வி. விதிப்படி இரண்டுக்கும் பதில் வேண்டும். "வயது" என்று எழுதி முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், அந்த அறிக்கை அரைகுறைதான்.

அப்படி இருந்தால் ஹையர் லெவல் ரிவ்யூ, அதாவது மூத்த அதிகாரி ஒருவரின் மறுஆய்வு, கேளுங்கள். அதில் புது ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது. ஆனால் மறுஆய்வு செய்யும் அதிகாரியிடம் போனில் பேசி, குறை எங்கே என்று சுட்டிக்காட்டலாம். மருத்துவரிடம் புதுக் கடிதம் வாங்க முடிந்தால் சப்ளிமென்டல் கிளெய்ம், அதாவது புது ஆதாரத்தோடு மறுபடி கோரிக்கை, போடுங்கள். "முட்டியால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று காரணத்தோடு அவர் எழுதினால் போதும். எதுவானாலும் முடிவுக் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். தாண்டினால் ஹையர் லெவல் ரிவ்யூ கேட்க முடியாது; சப்ளிமென்டல் கிளெய்மில் ஜெயித்தாலும் பழைய தேதியிலிருந்து பணம் வராது.

இன்னொரு பதில்:
முட்டியின் 10 சதவீதத்தையும் பாருங்கள். மடக்கும்போது 45 டிகிரியோடு நின்றால் 10, 30 டிகிரியோடு நின்றால் 20 சதவீதம். பரிசோதனை நடந்தது வலி குறைந்த நாளாக இருந்தால்? வலி கூடும் நாட்களில் எவ்வளவு மடங்கும் என்றும் கேட்டு மதிப்பிட வேண்டும் என்று 2017 ஷார்ப் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சப்ளிமென்டல் கிளெய்ம் போட்டால், அவர் படி இறங்குவதை இங்கே எழுதியதுபோலவே வாக்குமூலமாக எழுதிக் கொடுங்கள். மனைவி கண்ணால் பார்த்ததும் ஆதாரம்தான்.

கேள்வி கேட்டவர்:
அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மோசமாக்கியதா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தப் படிவம்?

பதில்:
ஹையர் லெவல் ரிவ்யூவுக்கு 20-0996. அங்கீகாரம் பெற்ற வி.எஸ்.ஓ. (படைவீரர் சேவை அமைப்பு) பிரதிநிதியிடம் போனால் நிரப்பித் தருவார், கட்டணம் கிடையாது. அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.