சோளப் பாம்பின் நிறத்தைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்ல முடியுமா?

கேள்வி — உட்லண்ட்ஸ் அம்மா

வணக்கம். என் கணவருக்கு வேலை மாற்றல் வந்திருப்பதால், மூன்று ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்க வரும் டிசம்பரில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன், நண்பர்களைப் பிரிந்து வர ஒப்புக்கொண்டதற்கு ஈடாக ஒரு பாம்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அங்கே கார்ன் ஸ்நேக் எனப்படும் சோளப் பாம்பை வளர்க்கத் தனி உரிமம் தேவையில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஆகையால் தடை சொல்ல எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் வீடு பார்க்கப் போயிருந்தபோது ஊர்வன விற்கும் ஒரு கடைக்கும் சென்றோம். கடைக்காரர் முதலில் ஆரஞ்சு நிறப் பாம்பு ஒன்றை மகனின் கையில் வைத்தார். அது அவன் விரல்களுக்கிடையே நுழைந்து, மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் போய் அமைதியாக இருந்துவிட்டது. பிறகு ஒரு சிறு பெட்டியின் மூடியைத் திறந்து, பென்சில் பருமனே இருந்த சாம்பல் நிறக் குட்டி ஒன்றைக் காட்டினார். அது கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வால் நுனியைப் பெட்டியின் சுவரில் சடசடவென்று அடித்தது. அவர் தூக்கியபோது இரண்டு முறை கொத்தப் பாய்ந்து, அவர் கையில் ஏதோ நீரையும் பீய்ச்சியது. அந்த நாற்றம் கடை முழுக்கப் பரவியது. “சாம்பல் நிறம் எப்போதும் இப்படித்தான், ஆரஞ்சு சாது, வெள்ளை அதைவிடச் சாது” என்றார் அவர். வெள்ளையின் விலை மற்ற இரண்டையும்விட அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், என் மகனுக்குப் பிடித்திருப்பது அந்தச் சாம்பல் குட்டிதான். பாம்பின் நிறத்துக்கும் அதன் குணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். (வெள்ளைப் பாம்பென்றால் வீட்டுக்கு நல்லது என்று என் மாமியார் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டார். அந்தக் கருத்து எங்களிடம் இருக்கிறது.)

பதில் 1 — முன்னாள் லீட்ஸ்வாசி

அக்கா, நான் படிப்புக்கும் பிறகு வேலைக்குமாக லீட்ஸ் நகரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன். அதில் ஏழு ஆண்டுகள் சோளப் பாம்பு வளர்த்தேன். சுருக்கமாகச் சொன்னால், நிறத்தை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது. நான் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்த சோடி இரண்டும் பார்வைக்குச் சாதாரண நிறம், அதாவது காட்டில் இருக்கும் அதே ஆரஞ்சு உடலும் கறுப்புக் கரையிட்ட சிவப்புத் திட்டுகளும் கொண்டவை. ஆனால் கறுப்பில்லா நிறம், சிவப்பில்லா நிறம் ஆகிய இரண்டின் மரபணுக்களையும் இரண்டுமே உள்ளே சுமந்திருந்தன. அவற்றின் பதினாறு முட்டைகள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரித்தன. குட்டிகளில் ஒன்பது சாதாரண நிறம். மூன்று கறுப்பே இல்லாத ஆரஞ்சு, நீங்கள் பார்த்தது போன்றவை. மூன்று சிவப்பே இல்லாத சாம்பல். ஒன்று இரண்டும் இல்லாத வெள்ளை. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, சூடு ஒன்று, தீனி ஒன்று. நிறத்தால் குணம் மாறுமென்றால் அங்கே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தாலே பாய்ந்து கொத்தியவை சாதாரண நிறத்தில் இரண்டும் ஆரஞ்சில் ஒன்றும். சாம்பல் மூன்றில் ஒன்று முதல் நாளிலிருந்தே கையில் தூங்கியது. அந்த ஒரே வெள்ளைக் குட்டி யாரையும் கடிக்கவில்லை, ஆனால் கையில் எடுத்தால் எப்போது நழுவி ஓடலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தது. கொத்திய மூன்றும் ஒரு வருடத்துக்குள் அடங்கிவிட்டன.

உங்கள் கடைக்காரர் ஒரு பெரிய பாம்பையும் ஒரு குட்டியையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. சட்டைக் கைக்குள் போகுமளவு நீளமாக இருந்தது பல மாதம் மனிதர் கைபட்டு வளர்ந்ததாக இருக்கும். பென்சில் பருமனுள்ள குட்டிக்கோ, மேலிருந்து இறங்கும் எந்தக் கையும் பருந்துதான். வாலை அடிப்பதும், கழுத்தை எஸ் வடிவில் வளைப்பதும், நாற்ற நீரைப் பீய்ச்சுவதும் கோபமல்ல, பயம். காட்டில் காய்ந்த சருகுமேல் அந்த வாலை அடித்தால் கிலுகிலுப்பைப் பாம்பின் ஒலிபோலவே கேட்கும். நஞ்சில்லாத பிராணிக்கு அந்த மிரட்டல்தான் தற்காப்பு.

ஒன்று கேட்கிறேன்: அந்தக் குட்டியின் கண் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? தோலுரிக்கும் முன் பாம்பின் கண்ணில் பால் படிந்ததுபோல நீலம் பாய்ந்திருக்கும். அப்போது பார்வை மங்கி, தொட்டாலே திடுக்கிடும். பழகிய பாம்பையும் அந்த நாட்களில் நான் எடுப்பதில்லை.

பதில் 2 — ஈசூன் பெரியவர்

நான் பாம்பு வளர்த்தவனல்லன். எங்கள் புளோக்கின் பின்னால் ஓடும் கால்வாயில் மலைப்பாம்பைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் சிவகங்கைப் பக்கம் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன். மயிலை, செவலை, காரி என்று நிறத்தைச் சொன்னாலே மாட்டின் குணத்தைச் சொல்லிவிடுவார் என் தாத்தா. காரிக் காளையின் கயிற்றைப் பிடிக்க எங்களை ஒருநாளும் விட்டதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூடவே இருந்து பார்த்தவர்கள் சொன்னதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா? பாம்பு விற்பவரும் தினம் நூறு பாம்பைப் பார்க்கிறவர்தானே.

பதில் 3 — உயிரியல் ஆசிரியை

பெரியவர் சொன்னதை நான் தள்ளப் போவதில்லை. நிறமும் குணமும் சேர்ந்து வருவதாகக் கண்ட ஆய்வுகள் பாலூட்டிகளில் உண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959ஆம் ஆண்டு பெலியாயெவ் தொடங்கிய நரி ஆராய்ச்சியில், மனிதரிடம் சாதுவாக நடந்துகொண்ட நரிகளை மட்டும் தலைமுறைதோறும் இணைசேர்த்தபோது, யாரும் தேடாமலேயே நெற்றியில் வெள்ளைப் பொட்டும் உடலில் திட்டுகளும் தோன்றின. இங்கிலிஷ் காக்கர் ஸ்பானியல் நாய்களைப் பற்றி 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே நிறமுடையவை பல நிறத் திட்டுகள் உடையவற்றைவிடச் சீற்றம் மிகுந்தவையாக இருந்தன என்றது. கருமையைக் கூட்டச் சொல்லும் ஹார்மோன் குடும்பமே உடலில் மன அழுத்தத்தையும் சண்டைக் குணத்தையும் தொடுவதால், பல முதுகெலும்புள்ள விலங்குகளில் கருமையும் முரட்டுத்தனமும் சேர்ந்து வருவதைத் தொகுத்துச் சொன்ன கட்டுரை ஒன்று 2008இல் வந்தது. தாத்தாவின் காரிக்கு அதில் இடமிருக்கலாம்.

ஆனால் கடையிலிருந்த ஆரஞ்சுப் பாம்பின் கதை வேறு. சோளப் பாம்பின் தோலில் கறுப்பு நிறமி அணுக்கள், சிவப்பும் மஞ்சளும் தரும் அணுக்கள், ஒளியைத் திருப்பியடிக்கும் நுண்படிகங்கள் கொண்ட அணுக்கள் ஆகியவை அடுக்காக இருக்கின்றன. கறுப்பில்லா வகையில் கெட்டிருப்பது ஓசிஏ2 என்னும் மரபணு என்று 2015இல் கண்டறிந்தார்கள். அது நிறமி அணுவுக்குள்ளே, மெலனின் தயாராகும் நுண்பையில் வேலை செய்வது. மேலிருந்து வரும் ஹார்மோன் கட்டளையில் எந்த மாற்றமும் இல்லை. ஆர்டர் வழக்கம்போல வருகிறது, அச்சகத்தில்தான் கறுப்பு மை இல்லை. ஆகவே, கட்டளையே கூடியதால் கறுத்த விலங்கைப் பற்றிச் சொன்னதை, மை தீர்ந்துபோன பாம்புக்கு அப்படியே பொருத்த முடியாது.

அப்படியானால் கடைக்காரர் நூறு பாம்பில் கண்டது பொய்யா என்றால், அதுவும் அல்ல. முதல் கறுப்பில்லாச் சோளப் பாம்பு 1953இல் வட கரோலினாவில் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது. பெக்டல் என்ற மருத்துவர் அதைக்கொண்டு பின்னர் இனப்பெருக்கம் செய்தார். இத்தகைய நிறம் ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். எனவே ஓர் அரிய நிறத்தைப் பெருக்க நினைப்பவர் சில பாம்புகளையே திரும்பத் திரும்ப இணைசேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிலவற்றில் ஒன்று பயந்த சுபாவம் கொண்டதாக இருந்தால், அந்தச் சுபாவமும் நிறத்தோடு சேர்ந்து குட்டிகளுக்குப் போகும். ஒரே வளர்ப்பாளரிடம் சாம்பல் நிறத்தை வாங்கி விற்கும் கடைக்காரர், அந்த வளர்ப்பாளரின் சோடியைப் பற்றிச் சொல்கிறார்; நிறத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். முன்னாள் லீட்ஸ்வாசி கண்டதுபோல ஒரே ஈட்டில் எல்லா நிறமும் பிறந்தால் இந்த மயக்கம் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் உண்மையான விதிவிலக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பில் ‘ஸ்பைடர்’ என்றொரு நிற வகை இருக்கிறது. அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தலையை ஆட்டவும் திருகவும் வைத்து, சமநிலையையும் குலைக்கிறது. சோளப் பாம்பில் ‘ஸ்டார்கேஸர்’ என்ற நரம்புக் குறை உண்டு. தலை வானத்தைப் பார்த்தபடி வளைந்து, சில நேரம் உடலே மல்லாந்துவிடும். அது நிறத்தைத் தரும் மரபணு அல்ல, ஆனால் ‘சன்கிஸ்ட்’ என்ற நிற வழியில்தான் முதலில் தெரியவந்தது. அந்த வழியில் வாங்குவதாக இருந்தால் பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இவை நோய்கள், முரட்டுக் குணமல்ல.

பெரியவருக்கு ஒரு கொசுறு: காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை நிறத்தில் இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பலாக மாறும். நிறந்தான் குணமென்றால், அந்தக் கன்றின் குணமும் பாதியில் மாற வேண்டும்!

பதில் 4 — தெம்பனிஸ் வாசகர்

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். சிங்கப்பூரில் எந்த நிறப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது. ஊர்வனவற்றில் இங்கே செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவை செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டுமே. சோளப் பாம்பு நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். உங்கள் மாற்றலோ மூன்று ஆண்டு. திரும்பும்போது அதைக் கொண்டுவர முடியாது என்பதை மகனிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா

அனைவருக்கும் நன்றி. கண்ணைப் பற்றி லீட்ஸ் தம்பி கேட்டதும், மகன் கைபேசியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சாம்பல் குட்டியின் இரண்டு கண்ணும் மங்கிய நீலமாக இருக்கின்றன. நிறமே அப்படியென்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆரஞ்சுப் பாம்பின் வயதைக் கடைக்காரரிடம் மின்னஞ்சலில் கேட்டேன்: இரண்டரை வயது. சாம்பல் குட்டி பிறந்து நான்கு மாதம்.

திரும்பிச் செல்லும்போது என்ன செய்வது என்ற கேள்வியை மகனிடம் வைத்தேன். அரைமணி நேரம் பேசவில்லை. பிறகு, என் கணவருடன் வேலை செய்யும் ஒருவரின் வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருப்பதாகவும், அவர்களைக் கேட்கலாம் என்றும் அவனே சொன்னான். அவர்கள் எழுதித் தந்த பிறகுதான் கடைக்குப் போவோம் என்று முடிவாகியிருக்கிறது. அது வரைக்கும் அந்தக் குட்டி விற்காமல் இருந்தால் பார்க்கலாம்.

முன்னாள் லீட்ஸ்வாசி

அப்படியே செய்யுங்கள் அக்கா. போகும்போது, நீங்கள் பார்க்க அது இரை தின்றால் நல்லது. உறைய வைத்து இளக்கிய எலிக்குஞ்சைத் தயங்காமல் எடுக்கும் குட்டிதான் வளர்ப்பதற்குச் சுலபமானது. கொத்துகிற குட்டியைவிடத் தின்ன மறுக்கும் குட்டியே புதியவரைத் திணறடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் தொடவே வேண்டாம். பிறகு, தின்று இரண்டு நாள் கழித்து, ஐந்து நிமிடம், மேலிருந்து இறங்காமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலி வாசம் உள்ள விரலை எந்த நிறப் பாம்பும் எலியென்றே நினைக்கும். அந்த வயதில் கடித்தாலும் குண்டூசி உரசியதுபோலத்தான் இருக்கும்.

ஈசூன் பெரியவர்

எல்லாம் படித்தேன். ஆசிரியை கேட்ட கன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் காரிக் காளையின் கயிற்றை இப்போது கொடுத்தாலும் நான் பிடிக்க மாட்டேன். பையன் அந்தக் குட்டிக்கு என்ன பெயர் வைக்கிறான் என்று மட்டும் எழுதுங்கள் அம்மா.