பங்குனிக் கொடை மேடையில் பொன்னாடை யாருக்கு?

எல்லோருக்கும் வணக்கம்.

மார்ச் 3 உலக செவித்திறன் நாள். அதை ஒட்டி நம் ஊர்க் கோயிலின் இந்த வருடக் கொடைத் திருவிழாவில் காது கேளாதோருக்கு உதவுகிறவர்களைப் பாராட்டலாம் என்று மஸ்கட் அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் கூடவே வந்த பட்டியலைப் பார்த்தால், முகாமுக்குப் பணம் அனுப்பியவர்களும் காது மிஷின் வாங்கிக் கொடுத்தவர்களும்தான் இருக்கிறார்கள். அதாவது, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற நாமேதான். நம் பணத்தில் பந்தல் போட்டு நமக்கே பொன்னாடை போர்த்திக்கொள்வது நன்றாகவா இருக்கும்? அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. என் பெயரும் அதில் இருக்கிறது, முதலில் அதை அடித்துவிடுங்கள்.

மிஷின் கொடுப்பது ஒரு நாள் வேலை. பாடு அதற்கு அப்புறம்தான். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷினின் பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. நம் ஊர்க் கடையில் அது கிடைப்பதில்லை, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். காதுக்குள் வைக்கிற அச்சு ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்வது. பிள்ளை வளர வளரக் காதும் வளரும், அச்சு லூசாகும், மிஷின் கீச்சென்று விசிலடிக்கும், பிள்ளை கழற்றி எறியும். வயதானவர்கள் கதை வேறு. எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாக வருகிறது என்று ஆச்சிமார் இரண்டாம் நாளே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கேட்பியல் நிபுணரிடம் திரும்பப் போய் அளவைத் திருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால்தான் பேச்சு தெளியும். அந்தத் திரும்பப் போவதற்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

காக்ளியர், அதாவது கேட்கும் நரம்புக்கு நேராகச் சைகை அனுப்ப அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கிற கருவி, பொருத்திய பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கிறது. நம் மாநிலத்தில் இதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் மோகன் காமேஸ்வரனுக்கு 2006-லேயே பத்மஸ்ரீ கொடுத்தாயிற்று. ஆனால் கருவி வைத்ததும் பிள்ளைக்குக் கேட்பது வெறும் சத்தம். அதைப் பேச்சாக்க ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பயிற்சி வேண்டும், கருவியின் அளவை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். அந்த நாட்களில் சம்பளத்தை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற அம்மாவுக்கு எந்த மேடையும் கிடையாது. பிறகு வெளியே மாட்டும் பாகத்தின் ஒயர் அறுந்தால் செலவு ஆயிரக்கணக்கில்.

சென்னையில் சரஸ்வதி நாராயணசாமி 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கேளாத குழந்தைகளை 5 வயதுக்குள் பேசப் பழக்கி சாதாரணப் பள்ளிக்கு அனுப்புகிற இடம். அங்கே பயிற்சியில் தாய்க்கும் பங்கு உண்டு. வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிறவர் அவர்தானே. நமக்குப் பக்கத்திலேயே, பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. மேலத்தெரு தையல்கார அண்ணன் அங்கே படித்தவர்தான்.

அவரைத்தான் நான் முதலில் முன்மொழிகிறேன். சுற்றுவட்டாரத்தில் காது கேளாத யாருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டுமானாலும் கூடவே போகிறவர் அவர். சட்டப்படி 40 சதவீதம் குறைபாடு இருந்தால்தான் சலுகைகள். அதற்குச் சோதனை, சான்றிதழ், பதிவு என்று அலைய வேண்டும். ஒரு அலுவலகத்தில் டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிறார்களாம், காது கேளாதவர்கள் நிற்கிற வரிசையில்! அண்ணன் அங்கே ஒரு சிலேட்டைக் கொண்டுபோய், எண்ணை இதில் எழுதிக் காட்டுங்கள் என்று மேஜையில் வைத்துவிட்டு வந்தாராம். இதைவிடப் பெரிய சேவை எதுவும் நம் பட்டியலில் இல்லை.

நான் இருக்கும் மேரிலாந்தில் ராக்கி ஸ்டோன் என்று ஒருவர் இருந்தார். ராணுவத்தில் இருந்தபோது காது போனது. பிறகு சி.ஐ.ஏ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 1979-ல் காது மந்தமானவர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது ஹியரிங் லாஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா. அவர்கள் கூட்டங்களில் பேசப் பேச எழுத்து திரையில் ஓடும். மண்டபத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் போட்டு, மைக்கில் பேசுவதை நேராகக் காது மிஷினுக்கே அனுப்புகிற ஏற்பாடும் உண்டு.

நம் மேடையை நினைத்துப் பாருங்கள். நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, தடை செய்த பிறகும் மரத்தில் தொங்குகிற குழாய் ஸ்பீக்கர். 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கொடையின் சத்தம் அதையெல்லாம் முதல் ராத்திரியே தாண்டிவிடும். (மேளக்காரர்கள் காதைப் பற்றி யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறோமா?) இந்த அமளியில் தையல்கார அண்ணனை நிறுத்தி, தலைவர் முக்கால் மணி நேரம் பேசினால் அவருக்கு என்ன விளங்கும்? அதனால் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். திரை வைத்து, தமிழ் வேகமாகத் தட்டச்சு செய்கிற ஒரு பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பாராட்டு நடக்கும் அரைமணி நேரமாவது ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது பெயர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற நம் ஒன்றியத்துச் சிறப்பாசிரியை. தொகுப்பூதியத்தில் ஊர் ஊராகப் போகிறவர். பத்தாம் வகுப்பில் ஒரு மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் கேட்டு நேரத்தோடு மனு போடாமல் தவித்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அவருக்குக் கேடயம் வேண்டாம், வீட்டில் வைக்க இடமிருக்காது. வண்டிக்குப் பெட்ரோல் செலவைச் சங்கம் ஒரு வருடம் ஏற்கட்டும்.

மீதிப் பணத்தில் பேட்டரி, அச்சு, ஒயர் மூன்றுக்கும் ஒரு சின்ன நிதி வைக்கலாம். துபாய் மருமகன் கணக்குப் பார்த்துக்கொள்வதாகத் தனியே சொல்லியிருக்கிறார். பயிற்சிக்குப் போய்வருகிற அம்மாக்களின் பெயர்களை ஊரில் இருக்கிறவர்கள்தான் தர முடியும். மேடை ஏற அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், பிள்ளைகளின் படம் வேண்டாம். மாசி முடிவதற்குள் வந்தால் அழைப்பிதழில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
கீழத்தெரு தபால்காரர் வீட்டுப் பேரன்
மேரிலாந்து