பேக்கப் எடுத்தும் டேட்டா போன அனுபவம் உண்டா? நடந்ததை எழுதுங்கள்

பாளை மளிகை:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் பில்லிங் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் சொருகி, பேக்கப் எடுத்து, சாவிக்கொத்தோடு மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். தீபாவளிக் கூட்டத்தில்கூட விட்டதில்லை. ஒரு திங்கள் காலை மெஷின் எழும்பவில்லை. டேட்டா இருந்த டிஸ்க், எஸ்எஸ்டி, செத்துவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்காவது நாலு நாள் டக் டக் என்று முனகிவிட்டுச் சாகும், இது ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது. நான் பதறவே இல்லை, பென் டிரைவ்தான் இருக்கிறதே! சர்வீஸ் தம்பி புது டிஸ்க் போட்டு பென் டிரைவைத் திறந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அண்ணாச்சி, இது வெறும் ஷார்ட்கட்" என்றான். 2 கேபி. பைலைத் திறக்க வழி காட்டும் ஐகான் மட்டும், உள்ளே டேட்டா இல்லை. டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை இழுத்துப் போட்டு, "ரீப்ளேஸ் செய்யவா" என்று கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கியிருக்கிறேன், இரண்டு வருடம்.

கடன் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாப் பாக்கியையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த நேரம் அது. முக்கு டீக்கடைக்காரர் தானாக வந்து "என் கணக்கு 3,200 அண்ணாச்சி" என்றார். கல்யாணத்துக்கு எட்டு மூட்டை அரிசி எடுத்தவர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

கோட்டை பிரியாணி:
எங்களுக்கு வைரஸ். ஞாயிறு மதியம், வாசலில் பார்சல் கூட்டம். பில் போடப் போனால் எல்லா பைலின் வாலிலும் ஏதோ புரியாத எழுத்து. பணம் கட்டினால் திறந்துவிடுவோம் என்று இங்கிலீஷில் ஒரு நோட்டு. பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருந்தது, ஆனால் ராத்திரி பகலாக அதே கம்ப்யூட்டரில் சொருகியே கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். சாப்ட்வேர்காரர் வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தே வைத்திருந்தார், வழி அதுதான். அன்றைக்குப் பூரா கேஓடி, அதாவது கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார், "நான் அப்போதே சொன்னேன்" என்று.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:
மளிகை அண்ணாச்சி ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று புரியவில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் ரிட்டர்ன் எல்லாம் இருக்குமே, டவுன்லோட் செய்தால் முடிந்தது.

சைதை மெடிக்கல்ஸ்:
தம்பி, கடைக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? சில்லறை விற்பனை போர்ட்டலில் மொத்தத் தொகையாகத்தான் கிடக்கும், பில் பில்லாக இருக்காது. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யை வைத்துக் கொள்முதலை ஓரளவு தேற்றலாம். யார் எவ்வளவு பாக்கி என்பதை எந்தப் போர்ட்டல் சொல்லும்? என் மருந்துகளின் பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தேதி?

என் கதை சின்னது. 2015 டிசம்பர், அடையாற்றுத் தண்ணீர் கடைக்குள் ஏறுகிறது. முழங்கால் அளவில் நின்று டிராயரைத் திறந்து ரூபாய் நோட்டை அள்ளிக்கொண்டு ஓடினேன். பேக்கப் டிஸ்க் அதே டிராயரில், நோட்டுக்கு அடியில் இருந்தது. கையில் பட்டதுகூட நினைவிருக்கிறது.

பில்லிங் சர்வீஸ்:
15 வருடமாகக் கடை கடையாகப் போகிறவன். போன வாரம் ஒரு ஜவுளிக்கடையில் "டேட்டாபேஸ் பைலைத் தினமும் காப்பி செய்கிறோம்" என்றார்கள். பார்த்தால் ஒருநாள்கூடக் காப்பி ஆகவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் சிலது சொல்லியே ஆகவேண்டும். டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூஎல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டேட்டா பைலான எம்டிஎஃப் பைலைக் காப்பி செய்ய விடாது. பேக்கப் கட்டளை கொடுத்து பிஏகே பைலாக எடுக்கவேண்டும். எடுத்ததை அதே கம்ப்யூட்டரின் சி டிரைவிலேயே போட்டால் பிரயோஜனம் இல்லை. கணக்கு சாப்ட்வேர் டேலி பிரைம் என்றால் ஆல்ட்+ஒய் அழுத்தினால் வரும் மெனுவில் பேக்கப் இருக்கும், ஐகானை இழுக்காதீர்கள் (அண்ணாச்சி கோபிக்கவேண்டாம்). இரண்டு டிஸ்க் வாங்குங்கள், ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கூகுள் டிரைவில் சிங்க் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள், இங்கே பைல் கெட்டால் அங்கேயும் கெட்ட பைல்தான் போய் உட்காரும். வாடிக்கையாளர் போன் நம்பர் உள்ளே இருக்கிறது, ஆகவே பேக்கப்புக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதீர்கள். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசிப் பில் வருகிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும், அதனால் பழைய வருட டேட்டாவையும் அழிக்காதீர்கள். இலவசப் பதிப்பான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ், அதுவும் 2022 வரையிலான வெர்ஷன் என்றால் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் ஏறாது, அது தனிக் கதை, கேட்டால் சொல்கிறேன்.

கோட்டை பிரியாணி:
யாரும் கேட்கவில்லை அண்ணே.

பாளை மளிகை:
சர்வீஸ் தம்பி, கோபமெல்லாம் இல்லை. இப்போது சைஸைப் பார்க்காமல் ஷட்டர் இறக்குவதில்லை, நேற்று 312 எம்பி. ரீஸ்டோர் செய்து பார்க்கத்தான் மச்சினன் வீட்டு லேப்டாப்பைக் கேட்கவேண்டும், அவனிடம் இந்த ஷார்ட்கட் கதையைச் சொல்லக் கூச்சம்.

அரிசி எடுத்தவரை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பினார். நானும் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால் சொல்ல என்னிடம் கணக்கு இல்லையே.