புதுப்பிப்பு: ஒகேனக்கல் போய் வந்துவிட்டோம்

ஆடிப்பெருக்கு விழாவின் இலவச மேடை நிகழ்ச்சிகளுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி.

பம்பைக்காரருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம், கையில் வளைந்த குச்சி. ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. மேடைக்குப் பின்னால் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். சூடேறித் தோல் இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும். அம்மா அங்கேயே நின்றுவிட்டார், கூப்பிட்டாலும் வரவில்லை. போனில் எத்தனை வீடியோ பார்த்தாலும் இது கிடைக்காது, நேரில்தான் கேட்கவேண்டும்.

அப்புறம், பாய் எடுத்துப் போகச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி. அம்மா நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்.