ஷானி அபேசேகரவை எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி (ஹட்டன்):
பொலிஸ் புலனாய்வு அதிகாரி ஷானி அபேசேகரவை எங்கள் வாசிகசாலையில் ஒருவர் நேர்மையான துப்பறிவாளர் என்கிறார். மற்றவரோ சாட்சியம் புனைந்தவர் என்கிறார். எதை நம்புவது?

பதில் (பண்டாரவளை):
ஐயா, 2013இல் வர்த்தகர் ஒருவர் கொலை செய்யப்பட்ட வழக்கில், பதவியிலிருந்த பிரதிப் பொலிஸ் மா அதிபர் வாஸ் குணவர்தனவையே கூண்டிலேற்றிய விசாரணையில் அவருக்கு முக்கிய பங்குண்டு. 2015இல் குணவர்தனவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதே குணவர்தன தொடர்பான விசாரணையில் சாட்சியம் புனைந்தார் என்ற குற்றச்சாட்டிலேயே 2020 ஜூலையில் அபேசேகர கைதானார். 2021 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணை விடுதலைத் தீர்ப்பன்று. அவரைப் போற்றுவோர் இதை ஏனோ கவனிப்பதில்லை.

பதில் (நானுஓயா):
உண்மைதான். ஆயினும், ஆட்சி மாறிய 2019 நவம்பரிலேயே குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் பதவியிலிருந்து அவர் காலிக்கு இடமாற்றப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், கைதின் பின்னே அரசியல் இருந்ததென்றே எனக்குப் படுகிறது. 2025இல் மீண்டும் அதே பதவிக்கு வந்திருக்கிறார். இனி நடத்தும் விசாரணைகளையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.