ஐந்து கரு, இரண்டு டாக்டர் (குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

நித்யா: ஒரு விஷயம் கேட்கணும். டெஸ்ட் டியூப் முறையில் உருவாக்கிய ஐந்து கரு உறைய வைத்திருக்கிறோம். பழைய டாக்டர், "எல்லாவற்றுக்கும் ஜெனடிக் டெஸ்ட் எடுத்துவிடலாம்" என்றார். நேற்றுப் பார்த்த டாக்டரம்மா, "31 வயதுதானே, எதற்கு?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சுதா அண்ணி: காசு பார்க்கிற வேலை. கருவுக்குக் கரு தனி பில் போடுவார்களே!

ரேவதி அக்கா: லேபில் இருப்பவள் சொல்கிறேன், எல்லாம் காசுக்காக இல்லை அண்ணி. டாக்டர்களிலேயே இரண்டு கட்சி. 38 தாண்டியவர்கள், திரும்பத் திரும்பக் கலைந்தவர்கள் என்றால் பலர் செய்யச் சொல்வார்கள். சின்ன வயது, நல்ல கரு என்றால்தான் சண்டையே. சீனாவில் 1,212 பெண்களிடம் செய்த ஆய்வு 2021இல் வந்தது. சோதித்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்குக் குழந்தை, சோதிக்காதவர்களில் 81.8. கலைவது மட்டும் சோதித்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு.

சுதா அண்ணி: சோதித்தும் குறைவா? அதெப்படி?

ரேவதி அக்கா: ஐந்தாம் நாள் கருவின் வெளிப்பக்கத்தில் ஐந்து பத்து செல் எடுப்போம். அது நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதி. அங்கே கோளாறு தெரிந்தாலும், உள்ளே குழந்தையாகப் போகிற பகுதி நன்றாக இருக்கலாம். நல்ல கருவும் குப்பைக்குப் போய்விடும். ரிப்போர்ட்டில் 'மொசைக்', அதாவது நல்ல செல்லும் கோளாறான செல்லும் கலந்திருக்கிறது என்று வந்தால் ஒரு டாக்டர் வைக்கலாம் என்பார், இன்னொருவர் தொடவே மாட்டார்.

பிரியா (நியூஜெர்சி): இங்கே கருவின் அறிவுக்கே மார்க் போட்டுத் தருகிறோம் என்று கம்பெனிகள் கிளம்பிவிட்டன.

ரேவதி அக்கா: ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் அதை நிரூபிக்கப்படாத, நெறிக்கு ஒவ்வாத வேலை என்றே சொல்லிவிட்டது. நம் ஊரில் 2021 சட்டப்படி நோய் பார்க்கத்தான் அனுமதி.

விஜயா அத்தை: அப்படியே ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவார்களா?

ரேவதி அக்கா: அத்தை!! ஜெயிலுக்குப் போகணுமா?

விஜயா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி அக்கா: நித்யா, நீ அத்தை மகனைக் கட்டியவள். டாக்டரம்மா அதைக் கேட்டாரா?

நித்யா: முதல் கேள்வியே அதுதான். இரண்டு பேருக்கும் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) ரத்த டெஸ்ட் எழுதியிருக்கிறார். பழைய டாக்டர் சொன்னதிலேயே அதுவும் தெரிந்துவிடாதா?

ரேவதி அக்கா: தெரியாது. அது குரோமோசோம் கூடக் குறைய இருக்கிறதா என்று பார்ப்பது. தலசீமியாவுக்கு வேறு டெஸ்ட், உங்கள் ரத்தத்தை வைத்து முன்கூட்டியே தயார் செய்யணும். இருவருமே கேரியர், அதாவது நோய் இல்லாமல் அந்தக் கோளாறான மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அப்போது கருவைச் சோதிக்க எந்தக் கட்சி டாக்டரும் அநேகமாகச் சரி என்பார். முதலில் இந்த ரத்த டெஸ்டை முடி.

நித்யா: சரி அக்கா. நாளைக் காலையில் போகிறோம்.

விஜயா அத்தை: அவனுக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். நானும் வருகிறேன். வெறும் வயிற்றோடா போகணும்?

ரேவதி அக்கா: இட்லி சாப்பிட்டே போகலாம் அத்தை.